கோடைப் படத்தை வைத்துக் கழுவெளிக்கு எல்லை போடாதீர்கள்

தமிழகக் கடலோர ஈரநிலங்களின் எல்லை வரைபடங்களைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும்,

இரண்டு தேதிகளின் செயற்கைக்கோள் படங்களை அருகருகே வைக்கிறார்கள். பழைய படத்தில் நீராகவும் புதிய படத்தில் மண்ணாகவும் தெரிகிற இடத்துக்கு ‘ஈரநிலத் தன்மையை இழந்த பகுதி’ என்று பெயர் சூட்டுகிறார்கள். பிறகு அந்தப் பகுதியை எல்லைக்கு வெளியே விட்டுக் கோடு போடுகிறார்கள். இப்படித் தயாரான வரைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. இந்த வேலையைச் செய்கிறவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: அந்த வழியில் கிடைக்கும் ‘இழப்பில்’ பெரும்பங்கு மாதம் மாறியதாலும், மழை மாறியதாலும், கேமரா மாறியதாலும் வந்தது. அதை நம்பி ஒரு ஏக்கரைக்கூட எல்லைக்கு வெளியே விடக்கூடாது.

சட்டம் உங்களிடம் கேட்பது இதைவிட அதிகம். 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு, மேலாண்மை விதிகளின்படி, ஓர் ஈரநிலத்தை அறிவிக்கை செய்யும்முன் தயாராகும் ஆவணத்தில் ஆயத்தொலைவுகளோடு கூடிய துல்லியமான டிஜிட்டல் வரைபடம் இருக்க வேண்டும். அது களத்தில் சரிபார்க்கப்பட்டும் இருக்க வேண்டும். அதே விதிகள் நெல்வயலையும், ஆறு ஓடும் தடத்தையும், உப்பு எடுக்கவும் மீன், இறால் வளர்க்கவும் என்றே கட்டிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைக்கின்றன. ஆகவே உங்கள் கணினியில் ஒரு பிக்சலுக்கு (படத்தின் மிகச்சிறு சதுரத்துக்கு) எந்த வண்ணம் விழுகிறது என்பதில் ஒரு நிலத்தின் தலையெழுத்து இருக்கிறது. ‘சேற்றுப்பரப்பு’ என்று விழுந்தால் அது காப்பாற்றப்படும். ‘உப்பளம்’ என்றோ ‘தரிசு’ என்றோ விழுந்தால் மனைப்பிரிவு வரை போகும்.

விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் தளமாகவும் (பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும்) அறிவிக்கப்பட்டது, பரப்பு 5,151.6 ஹெக்டேர். மரக்காணம் பக்கம் கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகம், அங்கிருந்து உள்ளே வரும் உப்போடை, அதற்கு அப்பால் மழைநீர் தேங்கும் அகன்ற படுகை. மார்கழி, தை மாதங்களில் படுகை முழுக்க நீர் நிற்கும். மாசியில் ஒதுங்கத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடித்த களிமண். அதில் மாடு மேயும், வண்டித் தடம் விழும். ஐப்பசியில் மழை பிடித்தால் மறுபடி நீர். வற்றி நிறைவதுதான் அந்த நிலத்தின் இயல்பு. நீர் ஒதுங்கி விளிம்பில் சேறு வெளிப்படும் அந்தச் சில வாரங்களில்தான் கரைப்பறவைகள் இறங்கி இரை தேடுகின்றன. ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் எடுத்து வைத்தால் எந்த ஆண்டிலும் கழுவெளியின் பெரும்பகுதி ‘அழிந்துவிட்டது’ என்றுதான் கணினி சொல்லும். தேதிகளை மாற்றி வைத்தால் அதே கணினி ‘பெருகிவிட்டது’ என்று சொல்லும்.

ஒரே மாதத்தின் படங்களை எடுத்தால் போதுமே என்று நினைக்கலாம். போதாது. 2015 நவம்பர், டிசம்பரில் வடகடலோர மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. அடுத்த ஆண்டு, 2016இல், வடகிழக்குப் பருவமழை மிக மோசமாகப் பொய்த்தது. இரண்டு டிசம்பர்களையும் ஒப்பிட்டால் ஒரே ஆண்டில் பாதிக் கடற்கரை வறண்டு போனதாகத் தோன்றும். நிலத்தில் ஒரு வண்டி மண்கூடக் கொட்டப்பட்டிருக்காது. எனவே தேதியோடு, அதற்கு முந்தைய அறுபது நாள்களில் பெய்த மழையின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டு படங்களை ஒப்பிடவே தகுதி வரும். நாடு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லும் ‘மழைக்கு முன், மழைக்குப் பின்’ என்ற பகுப்பும் நமக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாநிலங்களுக்கு அக்டோபர், நவம்பர் மழைக்குப் பிந்தைய காலம். நமக்கு அது நடுமழை.

கடலோடு தொட்டிருக்கும் பகுதிகளில் இன்னொரு கணக்கும் சேருகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் நம் கடற்கரைக்கு மேல் எப்போதும் காலை பத்தரை மணி வாக்கில்தான் கடக்கிறது. ஆனால் கடலின் ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி வருகின்றன. ஆகவே ஒரு படம் ஏற்றத்திலும் அடுத்த படம் வற்றத்திலும் விழும். நம் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் உயரம் ஒரு மீட்டர் அளவுதான், அதனால் என்ன என்று கேட்பவர்கள் சரிவைக் கணக்கில் எடுப்பதில்லை. முத்துப்பேட்டை, வேதாரண்யம் சேற்றுப்பரப்புகள் தாம்பாளம்போலத் தட்டையானவை. ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் சேற்றில் நீர்மட்டம் 30 சென்டிமீட்டர் ஏறினால் கரைக்கோடு 300 மீட்டர் உள்ளே வரும். ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர் கொண்ட சென்டினல்-2 படத்தில் அது முப்பது பிக்சல். முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் உள்ளே ஏற்றமே இருக்காது. காற்று இரண்டு நாள் ஒரே திசையில் அடித்தால் அட்டவணை சொல்லாத நீர் உள்ளே வந்து நிற்கும். துறைமுகத்தின் ஓத (ஏற்றவற்ற) அட்டவணையைக் கழியின் உட்பகுதிக்கு அப்படியே பொருத்துவதும் தவறு. உள்ளே அது தாமதமாகவும் தணிந்தும்தான் வரும்.

உப்பளத்துக்கு வருவோம், ஏனென்றால் அதிகத் தவறு நடப்பது அங்கேதான். ஓர் உப்பளப் பாத்தியை ஓராண்டு முழுக்கப் படத்தில் பின்தொடர்ந்து பாருங்கள். டிசம்பரில் மழைநீர் வரப்பை மூழ்கடித்துக் கிடக்கும். நீர்க்குறியீடு (பச்சை, அண்மை அகச்சிவப்பு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டலால் வகுத்து நீரைக் கண்டறியும் எண்) அதை ‘நீர்’ என்னும், பக்கத்துச் சதுப்போடு சேர்த்து ஒரே பரப்பாகக் காட்டும். பிப்ரவரியில் வரப்பு கட்டி உவர்நீர் பாய்ச்சியதும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் உப்பு பூத்து வெளுத்துவிடும். அந்த வெள்ளையை மேகம் நீக்கும் நிரல் பல நேரம் மேகம் என்று எடுத்து அழித்துவிடுகிறது. அழிந்த இடத்தை நிரப்ப மென்பொருள் வேறு மாதப் படத்தைத் தேடுகிறது, மழைக்காலப் படம் கிடைக்கிறது, முடிவில் உப்பளம் ‘நிரந்தர நீர்ப்பரப்பு’ ஆகிவிடுகிறது. தொட்டடுத்து, உப்பு படிந்த இயற்கைச் சேற்றுப்பரப்பு, அதில் உமரிச் செடி முளைத்திருந்தாலும், மே மாதத்தில் வெளுத்துத் தெரிவதால் ‘உப்பளம்’ என்று பெயர் வாங்குகிறது. ஒரே பிழை இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

இறால் குட்டைகளும் இப்படித்தான். வன்னாமி இறாலை நூறு, நூற்றிருபது நாளில் பிடித்துவிடுவார்கள். பிறகு குட்டையை வடித்துக் காயப்போடுவார்கள். காயும் வாரத்தில் எடுத்த படத்தில் அது சேற்றுப்பரப்பு. நிறைந்த வாரத்தில் எடுத்ததில் கழி. தனிப்படத்தில் பிரிக்க முடியாது, தொடர்ச்சியில் எளிதாகப் பிரிக்கலாம். மழையே இல்லாத மே மாதத்தில் ஓரிடத்தில் நீர் ஏறி, மூன்று நான்கு மாதம் அசையாமல் நின்று, ஒரே வாரத்தில் வடிந்தால் அது பண்ணை. மழையோடு ஏறி, வெயிலோடு விளிம்பிலிருந்து சிறிது சிறிதாகச் சுருங்கினால் அது இயற்கை நீர்.

இதில் சட்டம் தொடர்பான ஒரு கண்ணி இருக்கிறது. ‘கட்டப்பட்ட’ குட்டைக்குத்தான் விலக்கு. இயற்கைச் சதுப்பில் கரை போட்டு அடைத்தது எந்த ஆண்டு என்று காட்டினால் வாதம் மாறிவிடும். தமிழகக் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகியது 1990களில். உச்ச நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். அமெரிக்காவின் லேண்ட்சாட்-5 செயற்கைக்கோள் படங்கள் 1980களின் நடுவிலிருந்தே இருக்கின்றன. முப்பது மீட்டர் பிக்சலில் கரை தெரியாது, ஆனால் ஒழுங்கற்ற கழி ஒன்று சதுரம் சதுரமாக மாறியது தெளிவாகத் தெரியும். அந்த ஆண்டைக் குறித்து வைக்காமல் இன்றைய படத்தில் ‘இறால் பண்ணை’ என்று மட்டும் எழுதினால், ஆக்கிரமித்தவருக்கு வரைபடமே பட்டா கொடுத்த மாதிரி.

நாணலும் சம்பும் கோரையும் மண்டிய நீரை நீர்க்குறியீடு காணாது. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரிவது இலை; அடியில் முழங்கால் ஆழ நீர் இருந்தாலும் ‘புதர்’ அல்லது ‘பயிர்’ என்றுதான் வரும். அங்கே சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் தேவை. திறந்த நீர் ரேடாரில் கறுப்பாகத் தெரியும். நீருக்குள் நிற்கும் தண்டுகளில் பட்டு இரண்டு முறை எதிரொலித்துத் திரும்பும் அலை வழக்கத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும். மேகத்தையும் அது ஊடுருவும் என்பதால் கார்த்திகை மாதத்துக்கு வேறு வழியும் இல்லை. அதற்கும் குறை உண்டு: காற்றில் நீர் அலைந்தால் கறுப்பு கலைந்து நிலம்போலத் தெரியும். ஒரு நாள் ரேடார் படத்தை நம்பாமல் மழைக்காலம் முழுவதற்கும் நடுமதிப்பு எடுப்பது அதனால்தான்.

சீமைக்கருவேலமும் கண்டலும் (அலையாத்தி மரமும்) இன்னொரு குழப்பம். கோடையில் இரண்டும் பச்சை. பச்சையத்தை மட்டும் அளக்கும் என்.டி.வி.ஐ. குறியீட்டில் இரண்டும் ஒன்றுபோலவே வரும். ஈரச் சேற்றில் நிற்கும் கண்டல் குற்றலை அகச்சிவப்பில் (ஈரத்தைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத ஒளியில்) இருண்டு தெரியும், காய்ந்த மண்ணில் நிற்கும் சீமைக்கருவேலம் அதில் சற்று வெளிறித் தெரியும். அந்த ஒளியைப் பதிவுசெய்யும் சென்டினல்-2இன் 11ஆம் பட்டையைச் சேர்க்காத கண்டல் வரைபடத்தை நாங்கள் ஏற்கமாட்டோம்.

இனி வெளியே தெரியாத ஒரு பிழை. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண் மதிப்புகளில் 1000 கூட்டித் தருகிறார்கள்; பயன்படுத்தும்முன் அதைக் கழிக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு நீர்ப் பிக்சலை வைத்துப் பாருங்கள். பச்சைப் பட்டையில் 600, அண்மை அகச்சிவப்பில் 300. நீர்க்குறியீடு: வித்தியாசம் 300, கூட்டல் 900, விடை 0.33. அதே நீர், அதே வெயில், 2022க்குப் பிந்தைய கோப்பில் 1600, 1300 என்று இருக்கும். வித்தியாசம் அதே 300தான், ஆனால் கூட்டல் 2900, விடை 0.10. 0.2க்கு மேல் வந்தால்தான் நீர் என்று வாசல் வைத்திருந்தால் அந்த நீர் காணாமல் போய்விட்டது. கண்டலில் சிவப்பு 300, அகச்சிவப்பு 3000 என்றால் என்.டி.வி.ஐ. 0.82, கழிக்காத கோப்பில் 0.51. நலமாக நிற்கும் காடு ‘சிதைந்த காடு’ ஆகிவிட்டது. 2021ஐயும் 2023ஐயும் ஒப்பிடும் வரைவு எதிலும் இந்தக் கழித்தல் நடந்ததா என்று முதலில் கேளுங்கள். கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையத் தளத்தில் செய்திருந்தால், ஏற்கெனவே கழித்துத் தரும் ‘ஹார்மனைஸ்டு’ என்ற தொகுப்பை எடுத்தார்களா என்று ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். லேண்ட்சாட் இரண்டாம் தொகுப்பிலும் இதுபோலவே எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழிக்க வேண்டும்.

கேமரா மாறும்போது வரும் பிழையை எளிய கணக்கில் பார்க்கலாம். 100 ஹெக்டேர் கொண்ட இரண்டு ஈரநிலங்கள். ஒன்று ஒரு கிலோமீட்டர்ச் சதுரம். சுற்றளவு 4 கிலோமீட்டர். மற்றொன்று 10 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் கொண்ட கழிக்கரைப் பட்டை. சுற்றளவு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சலில் விளிம்பு அரைப் பிக்சல் தவறினால் சதுரத்தில் 6 ஹெக்டேர் பிழை. பட்டையில் 30 ஹெக்டேர். நம் கடலோர ஈரநிலங்கள் பெரும்பாலும் பட்டைகளும் ஓடைகளும்தான். 1990க்கு லேண்ட்சாட், 2006க்கு 23.5 மீட்டர் பிக்சல் கொண்ட இந்தியச் செயற்கைக்கோள் கேமரா லிஸ்-3, இன்றைக்கு 10 மீட்டர் சென்டினல் என்று வைத்து ‘மாற்றம்’ எடுத்தால், எட்டு மீட்டர் ஓடைகள் புதிதாகப் பிறந்ததாகவும் விளிம்புகள் தேய்ந்ததாகவும் வரும். நுண்மையான படத்தைப் பருமனான பிக்சலுக்கு இறக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். லேண்ட்சாட்-7இன் ஸ்கேன் திருத்தும் கருவி 2003 மே 31இல் பழுதானதிலிருந்து அதன் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் கோடு கோடாக விடுபட்டது. லேண்ட்சாட்-5 2011 நவம்பரில் நின்றது, லேண்ட்சாட்-8 2013இல்தான் ஏவப்பட்டது. ஆகவே 2012ஐ அடிப்படை ஆண்டாக வைத்த லேண்ட்சாட் வரைவில் சாய்வான பட்டைகளாக ‘இழப்பு’ தெரிந்தால் அது நிலத்தின் குற்றம் அல்ல.

பழைய நில அளவைத் தாளோடு ஒப்பிடும்போது பழைய அளவைகளின் எவரெஸ்ட் அடிப்படையிலிருந்து, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ்.84 அடிப்படைக்கு முறையாக மாற்ற வேண்டும். மாற்றாமல் மேலே வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து உட்காரும். பரப்பை யூ.டி.எம். 44 வடக்கு மண்டல வீழலில் (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளுக்குக் கொண்டுவரும் முறையில்) கணக்கிட வேண்டும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் வீழலிலேயே பரப்பைக் கணக்கிட்டால் கழுவெளியின் அட்சரேகையில் நாலரை சதவீதத்துக்கும் மேல் ஊதிவிடும்; 5,151.6 ஹெக்டேருக்கு அது 235 ஹெக்டேருக்கும் மேல். ஒரு வரைவை ஒரு வீழலிலும் அடுத்ததை மற்றொன்றிலும் கணக்கிட்டால், அந்தக் கூடுதல் பரப்பு தாளிலேயே தோன்றித் தாளிலேயே மறையும். 1:50,000 அளவில் வரைந்த எல்லையைப் பெரிதாக்கி எஃப்.எம்.பி. (சர்வே எண்வாரி நில அளவை) படத்தின் மேல் போடுவதையும் நிறுத்துங்கள். அந்த அளவில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 25 மீட்டர் அகலம். அதை வைத்து ஒரு சர்வே எண் உள்ளே, அடுத்தது வெளியே என்று யாரும் சொல்ல முடியாது.

அலையாத்திக் காட்டில் காலம் வேறு விதமாக ஏமாற்றும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் முத்துப்பேட்டையை அடித்தது. இலை முழுக்க உதிர்ந்த காட்டை அடுத்த மாதப் படத்தில் பார்த்தால் செத்த காடாகவே தெரியும். வெண்கண்டல் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். சுரபுன்னைக்குக் கிளை முறிந்தால் அந்த ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே புயலுக்குப் பிறகு ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்று பார்த்துத்தான் எது போனது, எது மீண்டது என்று பிரிக்க முடியும். மறுபக்கம், மீன்முள் வடிவ வாய்க்கால் வெட்டி நட்ட கன்றுகள் முதல் ஆண்டுகளில் 10 மீட்டர் பிக்சலில் தெரியவே தெரியாது, சேறுதான் தெரியும். நட்ட பரப்பை அப்படியே ‘கூடிய காடு’ என்று எழுதுவது அளவீடு ஆகாது. பறவைகள் மேய்ந்த திறந்த சேற்றுப்பரப்பில் கன்று நட்டு, அதை வரவாக மட்டும் காட்டி, சேற்றுப்பரப்பின் இழப்பைக் காட்டாமல் விடுவதை அதைவிடப் பெரிய தவறாக நாங்கள் கருதுகிறோம்.

வரைவுகளின் கடைசிப் பக்கத்தில் ‘மொத்தத் துல்லியம்’ என்று ஓர் எண் போடுகிறார்கள். படச் சட்டத்துக்குள் பாதி கடல் இருந்தால் அந்த எண் தானாக உயரும். கடலைக் கடல் என்று சொல்ல யாருக்கும் சிரமமில்லை. வகைவாரியாகச் சொல்லுங்கள்: சேறு என்று நீங்கள் குறித்ததில் எத்தனை உண்மையில் சேறு, உண்மையான சேற்றில் எத்தனையை விட்டுவிட்டீர்கள். இரண்டு வரைபடங்கள் ஒவ்வொன்றும் 85 சதவீதம் சரி என்று வைத்துக்கொண்டால், பிழைகள் ஒன்றையொன்று சாராதிருக்கும்போது இரண்டிலும் சரியாக இருப்பது 72 சதவீதம் நிலம்தான். மீதி 28 சதவீதத்தில் ‘மாற்றம்’ என்று வருவது எதுவாகவும் இருக்கலாம். எனவே மாற்ற வகையையே தனியாகச் சோதிக்க வேண்டும். 400 ஹெக்டேர் இழப்பு என்று வரைபடம் சொல்கிறது, அதில் குலுக்கலில் எடுத்த 50 புள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தால் 30தான் உண்மையில் இழந்தவை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த 400இல் உண்மையான இழப்பு 240 ஹெக்டேர் அளவுதான். புள்ளிகளைச் சாலையோரமாகப் பார்த்து எடுக்கக்கூடாது. சுற்றிலும் குறைந்தது 3×3 பிக்சல் ஒரே தன்மையாக இருக்கும் இடத்தின் நடுவில் எடுக்க வேண்டும், கைப்பேசி ஜி.பி.எஸ். பல மீட்டர் தவறும் என்பதால் இந்த இடைவெளி தேவை. படம் ஜனவரி என்றால் களப்பணியும் ஜனவரியில். மே மாதம் போய் நின்றுகொண்டு ஜனவரி நீரைச் சரிபார்க்க முடியாது.

இவ்வளவும் எட்டாத தொழில்நுட்பமா என்றால் இல்லை. லேண்ட்சாட் தொகுப்பு 2008 முதல் இலவசம், சென்டினலும் இலவசம். 2017இல் இரண்டாவது செயற்கைக்கோள் வந்ததிலிருந்து சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஆண்டுக்கு 73 முறை. பாதி மேகத்தில் போனாலும் ஐந்தாண்டில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பார்வைகள் மிஞ்சும். மேகத்தையும் மேக நிழலையும் நீக்கிவிட்டு (நிழலை நீர் என்று எடுப்பது மழைக்காலத்தின் வழக்கமான பிழை), ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை பார்வைக்கு எத்தனை முறை நீர் இருந்தது என்று மாதவாரியாக எண்ணினால் நீர் நிற்கும் அடிக்கடித்தன்மை கிடைக்கும். எப்போதும் நீர், ஆண்டில் நாலு மாதம் நீர், நல்ல மழை ஆண்டில் மட்டும் நீர் என்று நிலம் தானே வளையம் வளையமாகப் பிரிந்துவிடும். ஈரநிலத்தின் எல்லை வெளி வளையம். கோடையிலும் நீர் மிஞ்சும் நடுக்குழியை எல்லையாகக் கொள்ள முடியாது. நம் முன்னோர் வெள்ளநீர் வடிந்து பரவி நிற்கும் தாழ்நிலத்தைக் கழுவெளி என்றார்கள். பள்ளிக்கரணைக்கும் அந்தப் பெயர் உண்டு. வற்றியிருக்கும் மாதங்களிலும் அந்த இடத்தின் பெயர் கழுவெளிதான்.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

இரண்டு தேதிப் படங்களை மட்டும் ஒப்பிட்டு ‘ஈரநிலத் தன்மையை இழந்த பகுதி’ என்று வகைப்படுத்திய எல்லா வரைவுகளையும் நிறுத்திவையுங்கள். மறு ஆய்வு முடியும்வரை அந்தப் பகுதிகள் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் நிலத்துக்குப் போகட்டும்.

ஒவ்வொரு வரைபடத்தோடும் பயன்படுத்திய படங்களின் அடையாள எண், தேதி, கடந்த நேரம், அந்நேரத்து ஓத நிலை, முந்தைய அறுபது நாள் மழையளவு, எண் மதிப்புத் திருத்தம் செய்த விவரம் ஆகியவற்றை வெளியிடுங்கள். எல்லையை பி.டி.எஃப். ஆகத் தராதீர்கள், வேறொருவர் திறந்து அளந்து பார்க்கக்கூடிய ஷேப் கோப்பாக, யூ.டி.எம். 44 வடக்கு வீழலைக் குறிக்கும் ஈ.பி.எஸ்.ஜி. 32644 என்ற குறியோடு தாருங்கள்.

எல்லையைப் பல ஆண்டு நீர் அடிக்கடித்தன்மை வரைபடத்திலிருந்து வரையுங்கள். அதில் 2015இன் வெள்ளம், 2016இன் வறட்சி போன்ற இரு எதிர்முனை ஆண்டுகளும் சேரும்படி காலத்தை எடுங்கள். 2015க்குச் சென்டினல்-2 மட்டும் போதாது, லேண்ட்சாட்-8ஐயும் சென்டினல்-1ஐயும் சேருங்கள். தாவரம் மூடிய நீருக்கு ரேடாரைக் கட்டாயமாக்குங்கள்.

உப்பளம், இறால் பண்ணை என்று குறிக்கும் ஒவ்வொரு பரப்புக்கும் அது முதன்முதலில் படத்தில் தெரிந்த ஆண்டையும், அதற்குமுன் அங்கே இருந்தது என்ன என்பதையும் எழுதுங்கள். முன்பு இயற்கைச் சதுப்பாக இருந்ததை ‘மாற்றப்பட்ட ஈரநிலம்’ என்ற தனி வகையில் எல்லைக்குள் வையுங்கள். கண்டல் நடவை, நட்ட தேதியோடும் அதனால் குறைந்த சேற்றுப்பரப்பின் அளவோடும் சேர்த்தே காட்டுங்கள்.

வகைவாரிப் பிழை அட்டவணை இல்லாத வரைபடத்துக்கு ஒப்புதல் தராதீர்கள். வகைக்குக் குறைந்தது 50 புள்ளிகள், மாற்ற வகைக்குத் தனியாக 50. களச் சரிபார்ப்பு ஜனவரியில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை. இரண்டுக்கும் ஊராட்சியில் முன்கூட்டியே அறிவித்து, அங்கே வலை போடுபவர்களையும் கோரை அறுப்பவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த மாதம் எதுவரை நீர் நிற்கும் என்று அவர்கள் காலால் அளந்து வைத்திருக்கிறார்கள்.

வரைவு அறிவிக்கைக்கு ஆட்சேபம் தெரிவிக்கத் தரும் 60 நாள், மேற்சொன்ன கோப்புகள் எல்லாம் தமிழ் விளக்கத்தோடும் சர்வே எண் பட்டியலோடும் பொதுவில் வெளியான நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கடலோர ஈரநில வரைபடப் பணியில் இருப்பவர்கள்